மதுரை – கோவை விமான தூரமும் பறக்கும் நேரமும்: கொடைக்கானல்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானலுக்கு விமான நிலையம் கிடையாது. தென்கிழக்கே மதுரை, வடமேற்கே கோவை, தள்ளிப் போனால் திருச்சி. இந்த மூன்றில் எதைப் பிடிப்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு நேரம் என்று பெருமாள்மலையிலிருந்து பூம்பாறை வரை கேட்காதவர்கள் இல்லை. டிக்கெட் போடும்போது பறக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு மலைச் சாலையை மறந்துவிடுகிறோம். பணமும் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்டும் போவது அங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மதுரை விமான நிலையத்துக்கும் கோவை விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் எவ்வளவு தூரம்?

சுமார் 175 கிலோமீட்டர். விமானத் துறையில் தூரத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அந்தக் கணக்கில் 95 கடல் மைலுக்குக் கிட்டே வரும்.

இந்தக் கோட்டை வரைபடத்தில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மதுரைக்குத் தெற்கே பெருங்குடிப் பக்கம் கிளம்பி, பழனி மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் தாண்டிக்குடிக்கு மிக அருகில் ஏறி, பழனி ஊரை ஒட்டி இறங்கி, உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் இடையில் புகுந்து கோவை பீளமேட்டில் முடிகிறது. கோட்டின் சரியான நடுப்புள்ளி பழனியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் விழுகிறது. கொடைக்கானல் ஊர் அந்தக் கோட்டிலிருந்து மேற்கே சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கிறது. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தான். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

அப்படியானால் பறக்கும் நேரம் எவ்வளவு?

கணக்குப் போட்டுச் சொல்லலாம். நம் பக்கம் குறுகிய தடங்களில் ஓடுவது, இறக்கையில் விசிறி சுழலும் ஏ.டி.ஆர். 72 விமானம். அது மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. வேகத்தில் போகும். 175 கி.மீ.யை அந்த வேகத்தில் வகுத்தால் 21 நிமிடம். ஆனால் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. இறங்கும் ஓடுபாதைக்கு நேராக வந்து சேர ஒரு சுற்றும் சுற்ற வேண்டும். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்தால் வானத்தில் 30 முதல் 35 நிமிடம். ஜெட் விமானம் என்றால் 25, 30 நிமிடம். வேகம் அதிகம் என்றாலும் இத்தனை குறைந்த தூரத்தில் அது முழு வேகத்தை எட்டும் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். ஹெலிகாப்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

டிக்கெட்டில் போடும் நேரம் வேறு. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் போய் நின்று கதவு திறக்கும் வரை உள்ள நேரம் அது. பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். இந்தத் தடத்துக்கு அப்படிப் போட்டால் 50 நிமிடமாவது போடுவார்கள்.

நேரடி விமானம் இருக்கிறதா?

மேலே சொன்ன நேரம் எல்லாம் கணக்குக்குத்தான். மதுரையிலிருந்து கோவைக்கு வழக்கமான நேரடிப் பயணிகள் விமானம் கிடையாது. இணையத்தில் தேடினால் ‘மதுரை – கோவை விமானம்’ என்று டிக்கெட் வரும். திறந்து பார்த்தால் சென்னையிலோ பெங்களூரிலோ மாறச் சொல்லும்.

மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழியில் சுமார் 415 கி.மீ. சென்னையிலிருந்து கோவைக்குச் சுமார் 405. ஆக 175 கி.மீ. தள்ளி இருக்கும் ஊருக்குப் போக 820 கி.மீ. பறக்கிறோம். பெங்களூர் வழி கொஞ்சம் பரவாயில்லை: 375-உம் 250-உம் சேர்ந்து 625 கி.மீ. நடுவில் இரண்டு மூன்று மணி நேரக் காத்திருப்பையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். அதற்குள் அரசுப் பேருந்தே மதுரையிலிருந்து கோவை போய்ச் சேர்ந்துவிடும். இந்த டிக்கெட்டை யாரும் வாங்காதீர்கள். வயதானவர்களுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் ஆசையாகப் போட்டுக் கொடுப்பதைப் பார்க்கிறேன். இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கி, இடையில் பெரிய விமான நிலையத்துக்குள் அரை கிலோமீட்டர் நடந்து அவர்கள் படும் பாடு, பேருந்தில் நிம்மதியாக உட்கார்ந்து போவதைவிட அதிகம்.

ஏன் நேரடி விமானம் விடுவதில்லை? உடான் திட்டம் என்ன ஆயிற்று?

விமானத்துக்கு அதிகம் எரிபொருள் செலவாவது ஏறும்போதுதான். குறுகிய தூரத்தில் பயணமே ஏறுவதும் இறங்குவதுமாக முடிந்துவிடுகிறது. விமான நிலையக் கட்டணம், ஊழியர் செலவு, இறங்கி மறுபடி கிளம்பும் நேரம் எல்லாம் 175 கி.மீ.க்கும் 400 கி.மீ.க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அத்தனை செலவையும் தாங்கும் கட்டணம் வைத்தால், நான்கரை மணி நேரத்தில் சாலையில் போக முடிந்த ஊருக்கு யார் கொடுப்பார்கள்?

உடான் என்பது சிறிய ஊர்களுக்கு விமானம் விட ஒன்றிய அரசு மானியம் தரும் திட்டம். 2016-இல் அதை வகுத்தபோது மானியத் தடங்களின் தூரத்தை 200 முதல் 800 கி.மீ. என்று வைத்தார்கள். மலைப் பகுதி, தீவு போன்ற இடங்களுக்கு மட்டும் கீழ் வரம்பு இல்லை என்றார்கள். மதுரை – கோவை 175 கி.மீ.; இரண்டுமே சமவெளியில் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்கள். நம் வட்டாரத்தில் இந்தத் திட்டத்தால் பலன் பெற்றது சேலம்தான். 2018-இல் சென்னைக்கு விமானம் வந்தது, நடுவில் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாளைக்கே மதுரை – கோவை விமானம் வந்தாலும் கொடைக்கானல்காரருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. மதுரைக்கு இறங்க நமக்கு மூன்றரை மணி நேரம். கோவைக்கு நேராகக் காரில் போனால் நாலரை மணி நேரம். நடுவில் இருப்பவர் ஒரு முனைக்குப் போய் இன்னொரு முனைக்குப் பறப்பது எதற்கு? நமக்கு வேண்டியது நல்ல மலைச் சாலையும், விமான நேரத்தோடு ஒத்துப்போகும் பேருந்தும். மனு கொடுப்பவர்கள் அதைக் கேட்டுக் கொடுத்தால் நல்லது.

மலையிலிருந்து எந்த விமான நிலையம் பக்கம்?

நேர்கோட்டில் பார்த்தால் கொடைக்கானலிலிருந்து மதுரை விமான நிலையம் 80 கி.மீ., கோவை 100 கி.மீ., திருச்சி 145 கி.மீ. சாலையில் மதுரை ஏறக்குறைய 130, கோவை 170, திருச்சி 200.

நேர்தூரத்துக்கும் சாலைத் தூரத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மலையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்ச் சொந்தங்களுக்குத்தான் விளங்குவதில்லை. அவர்களுக்குப் பழனியைக் காட்டுங்கள். கொடைக்கானலிலிருந்து பழனி நேர்கோட்டில் 23 கி.மீ.தான். சாலையில் 64 கி.மீ. அதிலும் வடகவுஞ்சி, சவரிக்காடு வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று கொச்சி. வரைபடத்தில் பார்த்தால் கொச்சி விமான நிலையம் நமக்கு நேர் மேற்கே சுமார் 120 கி.மீ.; திருச்சியைவிடப் பக்கம். ஆனால் அந்தப் பக்கம் போக நமக்குச் சாலை இல்லை. பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் போய் மூணாறு இறங்கும் பழைய எஸ்கேப் ரோடு காட்டுக்குள் கிடக்கிறது. பொதுப் போக்குவரத்து நின்று பல ஆண்டுகள் ஆயிற்று. மதுரையோ தேனியோ, உடுமலையோ சுற்றித்தான் போக வேண்டும், 250 கி.மீ.க்கு மேல், அதுவும் ஒரு மலை இறங்கி இன்னொரு மலை ஏறி. கொச்சியில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மதுரைக்கு எந்த வழி, எத்தனை மணி நேரம்?

பெருமாள்மலை, ஊத்து, டம் டம் பாறை, காட்ரோடு, வத்தலக்குண்டு. மலை இறங்கி முடிக்க ஒன்றே முக்கால் மணி முதல் இரண்டு மணி நேரம். அங்கிருந்து நிலக்கோட்டை வழியாக நான்குவழிச் சாலையைப் பிடித்துவிட்டால், ஊருக்குள் நுழையாமல் சமயநல்லூர் அருகிலிருந்து புறவழியிலேயே திருமங்கலம் பக்கம் போய் விமான நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். மொத்தம் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே சீசனிலும், தொடர் விடுமுறையிலும் ஐந்து மணி நேரம். வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டி நிறுத்திப் படம் எடுக்கும் கூட்டத்திலேயே முக்கால் மணி நேரம் போய்விடும் நாட்கள் உண்டு.

பேருந்தில் போகிறவர்கள் கவனிக்க: கொடைக்கானல் பேருந்து மதுரையில் ஆரப்பாளையத்தில் நிற்கும். விமான நிலையம் ஊருக்குத் தெற்கே. அங்கிருந்து ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பிடிக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கோவைக்கு?

பழனி, உடுமலை வரை ஒரே வழிதான். உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வழியாகப் போனால் கோவை நகரத்துக்குள் நுழைந்து அவிநாசி ரோட்டுக்கு வந்து சேர வேண்டும். விமான நிலையம் நகரத்துக்குக் கிழக்கே இருப்பதால், உடுமலையிலிருந்து பல்லடம், சூலூர் வழியாகப் போவது நல்லது. ஊருக்குள் போகாமலே போய்ச் சேரலாம். பேருந்தில் போய் சிங்காநல்லூரில் இறங்கினால் அங்கிருந்து விமான நிலையம் பக்கம்தான். உக்கடத்தில் இறங்கினால் அவிநாசி ரோடு பேருந்தில் ‘சித்ரா’ நிறுத்தம் என்று கேட்டு ஏறுங்கள்.

ரயிலும் உண்டு. மதுரையிலிருந்து திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாகக் கோவைக்கு ரயில் ஓடுகிறது. மெதுவாகப் போகும், ஆனால் பழனியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் தென்பக்கம் மலை முழுக்கத் தெரியும்.

சென்னைக்கு விமானத்தில் போனால் உண்மையிலேயே நேரம் மிச்சமா?

வாசலிலிருந்து வாசல் வரை எண்ணுங்கள். மதுரையிலிருந்து மதியம் 12.30-க்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி போடும் கவுண்ட்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அதனால் 11 மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். சாலைக்கு மூன்றரை, தடங்கலுக்கு ஒரு மணி நேரம், ஆக 6.30-க்கு கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் வண்டி கிளம்பியாக வேண்டும். சென்னையில் 1.45-க்கு இறங்கி, பெட்டி எடுத்து, தாம்பரமோ அண்ணாநகரோ போய்ச் சேர 3.30. மொத்தம் ஒன்பது மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது 50 நிமிடத்துக்குக் கிட்டே.

இரவுப் பேருந்தில் போனால் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம், தூங்கிக்கொண்டே போகலாம். கொடைரோடு ஸ்டேஷனில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை எழும்பூர். பகல் வேலை கெடாமல் இருக்க வேண்டும் என்றால் ரயில்தான் என் சிபாரிசு. இரவுப் பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள், அன்றைக்கே போய்ச் சேர வேண்டியவர்கள், டெல்லி, மும்பை என்று அதற்கு மேலும் போகிறவர்கள் விமானம் பிடியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எது தோது?

சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா நாடுகள் என்றால் முதலில் திருச்சியைப் பாருங்கள். நேரடி விமானங்கள் அங்கேதான் அதிகம். 2024 ஜனவரியில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து மதுரைக்கே நேரடியாக வரலாம். கோவைக்கும் சிங்கப்பூர், ஷார்ஜாவிலிருந்து விமானம் உண்டு. சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறி மதுரை வருவதைவிட, திருச்சியில் நேராக இறங்கி 200 கி.மீ. காரில் வருவது பெரும்பாலும் சீக்கிரம்.

வலைத்தளத்துக்கு வலைத்தளம் தூரம் வேறு வேறாகக் காட்டுகிறதே?

ஒன்று ஊரின் மையத்திலிருந்து அளக்கும், இன்னொன்று ஓடுபாதையிலிருந்து அளக்கும். மதுரையில் இந்த வித்தியாசமே பத்து கிலோமீட்டருக்குக் கிட்டே. விமானம் நேர்கோட்டிலேயே போவதும் இல்லை. குறித்து வைத்த வான்புள்ளிகள் வழியாகப் போகும்.

நேர வித்தியாசம் உண்டா?

இல்லை. இரண்டும் இந்திய நேரம்தான்.

பழனி மலைக்கு மேல் விமானம் எவ்வளவு உயரத்தில் போகும்?

மலைப் பகுதிக்கு மேல் கருவிகளை வைத்துப் பறக்கும் விமானம், வழியில் இருபுறமும் எட்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் மிக உயர்ந்த இடத்தைவிடக் குறைந்தது 2,000 அடி மேலே இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நம் வந்தரவுச் சிகரம் 8,000 அடிக்கு மேல். அந்தப் பக்கம் வரும் விமானம் 10,000 அடிக்குக் கீழே வரவே முடியாது. மன்னவனூரில் நின்று பார்த்தால் சில நேரம் விமானம் தாழ்வாகப் போவதுபோல் தெரியும். காரணம் நாம் மேலே இருக்கிறோம்.

விமானத்துக்குள் காது அடைக்கும், மூச்சு முட்டும் என்கிறார்களே. வயதானவர்கள் போகலாமா?

இது எனக்குப் பிடித்த கேள்வி. பயணிகள் விமானத்துக்குள் காற்றழுத்தத்தைச் செயற்கையாகக் கூட்டி வைத்திருப்பார்கள். வெளியே 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. அதாவது சென்னைக்காரருக்கு விமானம் ஏறுவது மலை ஏறுவது மாதிரி. நமக்கோ வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் அதே காற்று. மலையில் ஆண்டுக்கணக்கில் நடமாடுகிற ஒரு பாட்டி, அந்த அழுத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைக் கண்ணால் பார்க்க விமானம் ஏற வேண்டாம். வத்தலக்குண்டில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி முன்சீட்டில் போட்டுக்கொண்டு மலை ஏறுங்கள். டம் டம் பாறை தாண்டும்போது கொஞ்சம் உப்பும். பெருமாள்மலையில் தலையணை மாதிரி விறைத்து நிற்கும். உள்ளே அடைத்த காற்று அப்படியே இருக்க, வெளிக்காற்று மெலிந்துகொண்டே வருகிறது. காதுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. காது அடைப்பது பெரும்பாலும் இறங்கும்போது. எச்சில் விழுங்குங்கள், குழந்தைக்குப் பால் கொடுங்கள். சளி கடுமையாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

கண் ஆபரேஷன் முடிந்து விமானத்தில் வரலாமா?

இந்தப் பதிலைத் தயவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். சாதாரணக் கண்புரை ஆபரேஷன் என்றால் மருத்துவர் சரி என்று சொன்னதும் பயணம் செய்யலாம். ஆனால் விழித்திரை விலகியதற்கு ஆபரேஷன் செய்யும்போது, சிலருக்குக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்து அனுப்புவார்கள். விழித்திரையை அது உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய சில வாரங்கள் ஆகும். அதுவரை விமானம் ஏறவே கூடாது. சிப்ஸ் பாக்கெட்டுக்கு நடப்பதுதான் அந்தக் குமிழிக்கும் நடக்கும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம்.

‘விமானத்தில் போகாதீர்கள்’ என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ‘நாம் காரில்தானே போகிறோம்’ என்று மலை ஏறிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். மதுரையிலோ கோவையிலோ கண் ஆபரேஷனுக்குப் போகும்போதே, ‘என் வீடு 7,000 அடி உயரத்தில் இருக்கிறது’ என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். கண்ணில் வாயு வைத்தால் குமிழி கரையும் வரை கீழே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

மலைப்பூண்டு, பஞ்சாமிர்தம், தைலம் எல்லாம் எடுத்துப் போகலாமா?

மலைப்பூண்டு, பேரிக்காய், பிளம்ஸ், மலைவாழை எடுத்துப் போகலாம். பூண்டைக் காற்றுப் போகாமல் கட்டுங்கள், பக்கத்துப் பெட்டிக்காரர் பாவம். வெளிநாடு போகிறவர்கள் அந்த நாட்டில் பழம், விதைக்குத் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழனி பஞ்சாமிர்தத்தைப் பெரிய பெட்டியில் வைப்பதே நல்லது. வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் திரவம், குழம்பு போன்றவை ஒவ்வொன்றும் 100 மில்லி லிட்டருக்கு மேல் இருந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள். கோயிலில் கிடைத்த தேங்காய் காய்ந்து கொப்பரையாகிவிட்டால் பெட்டியில் வைக்கக் கூடாது. எண்ணெய் அதிகம், தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று அதைத் தடை செய்திருக்கிறார்கள். யூகலிப்டஸ் தைலமும் தீப்பற்றும். சொந்த உபயோகத்துக்குச் சின்னப் புட்டி ஒன்று, அதுவும் விமான நிறுவனத்தைக் கேட்டுவிட்டு. லிட்டர் கணக்கில் வாங்கிப் போக வேண்டும் என்றால் ரயிலும் வேண்டாம், விமானமும் வேண்டாம்; அங்கேயே கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எந்த மாதத்தில் விமானம் தாமதமாகும்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மதுரையில் மாலை இடிமழை. அந்த நாட்களில் காலை விமானத்தையே பிடியுங்கள். ஓடுபாதை தெரியாத அளவுக்கு மழை இருந்தால் வானத்திலேயே சுற்ற வைப்பார்கள், அல்லது வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளி வழியாகத் தென்மேற்குக் காற்று தடையில்லாமல் பாய்வதால், இறங்கும்போது விமானம் ஆடும். ஆட்டம் பயமுறுத்துமே தவிர விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. பெல்ட்டைக் கழற்றாமல் உட்காருங்கள்.

ஆனால் நமக்கு விமானத்தைவிடச் சாலைதான் பிரச்சினை. மழைக்காலத்தில் பழனிச் சாலையில் மண் சரிவது வழக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரங்கள் விழுந்து மலைச் சாலைகளே அடைபட்டுப் போயின. மழை எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் வெளிநாட்டு விமானம் என்றால் முதல் நாளே இறங்கிக் கீழே தங்கிவிடுங்கள். அடுக்கம் வழியாகப் பெரியகுளம் இறங்கும் சாலை குறுக்குவழிதான், ஆனால் மழையில் அதை நம்பி விமானம் பிடிக்கக் கிளம்ப வேண்டாம்.

வெளியூர்ச் சொந்தங்கள் விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வந்தால் இ-பாஸ் வேண்டுமா?

வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். விமானம் ஏறும் முன்பே பாஸ் எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம். டாக்ஸி எண் தெரியாவிட்டால், மலையிலிருந்து உள்ளூர் வண்டியை அனுப்புங்கள். வளைவு தெரிந்த ஓட்டுநரும் கிடைப்பார். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்குப் பாஸ் தேவையில்லை.

நீலகிரிக்காரர்களுக்கும் இதே கணக்குதானா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குக் கோவையை விட்டால் வேறு யோசனை வேண்டாம்; ஊட்டியிலிருந்து நேர்கோட்டில் 56 கி.மீ., சாலையில் 95 கி.மீ. அளவு. கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் நாடுகாணி இறங்கி கோழிக்கோடு கரிப்பூரைப் பார்க்கலாம். வளைகுடா விமானங்கள் அங்கே நிறைய.

இரவு ஒன்பது மணிக்கு மதுரையில் இறங்கினால் அன்றே மலை ஏறலாமா?

ஏறலாம், ஆனால் நான் யாரையும் ஏறச் சொல்வதில்லை. வத்தலக்குண்டு வரும்போதே பதினொன்று ஆகிவிடும். ஊத்துக்கு மேலே மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஊர்ந்து போக வேண்டும். வளைவில் காட்டுமாடு நிற்கும். ஹாரன் அடித்தால் நகராது, மிரண்டால் வண்டிமேல் பாயும். விளக்கைக் குறைத்துக் காத்திருப்பது ஒன்றே வழி. நாள் முழுக்கப் பயணம் செய்து களைத்த குழந்தையும் பெரியவர்களும் அந்த வளைவுகளில் வாந்தி எடுத்துத் துவண்டுவிடுவார்கள்.

மதுரையிலோ வத்தலக்குண்டிலோ ஓர் அறை எடுத்துத் தூங்குங்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும். மதுரையிலிருந்து என்றாலும் ஒன்பது மணிக்குள் வீட்டில் இட்லி சாப்பிடலாம். அன்றே வந்துதான் ஆக வேண்டும் என்றால், விமானம் ஓட்டி வந்தவரைவிட மலை ஏற்றப் போகிறவர் தூங்கி எழுந்தவரா என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள்.